கிறிஸ்துமஸ் பரிசாகக் குழந்தைக்குப் புத்தகமா? முதலில் கேட்க வேண்டியது அதன் வாசிப்பு மொழியை

வட்டவடை (இடுக்கி): அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை நெருங்கும் வேளையில், குழந்தைகளுக்குப் பொம்மைக்கு மாற்றாகப் புத்தகம் வாங்கித் தர விரும்புவோரின் எண்ணிக்கை குறைவன்று. எனினும் ஆசையாக வாங்கித் தரப்படும் புத்தகங்கள் பல, இரண்டு பக்கம் புரட்டப்பட்டதோடு அலமாரிக்குச் சென்றுவிடுகின்றன. குழந்தைக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை குழந்தையிடம் இல்லை, தேர்வில் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழக எல்லையை ஒட்டிய வட்டவடையைவிடப் பொருத்தமான ஊர் அரிது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக, பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்காவைக் கடந்து சென்றால் வரும் இம்மலை ஊராட்சி, கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளையும் படிக்கட்டு வயல்களில் கேட்பது தமிழ். அரசு அலுவலகங்களில் புழங்குவது பெரும்பாலும் மலையாளம். இந்த வட்டத்தில் தமிழ்வழி, மலையாளவழி இரண்டிலும் பள்ளிகள் நடைபெறுவதால், வீட்டில் தமிழ் பேசும் ஒரு குழந்தை மலையாள எழுத்தில் மட்டுமே சரளமாக வாசிக்கக்கூடும். அடுத்த வீட்டுக் குழந்தை தமிழில் மட்டும் வாசிக்கக்கூடும்.

பரிசுகளால் உருவான நூலகம்

வட்டவடைக்குப் புத்தகப் பரிசு புதிதன்று. இவ்வூரைச் சேர்ந்த அபிமன்யு, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். மாணவர் அமைப்பில் செயல்பட்டவர். 2018 ஜூலை 2ஆம் தேதி அதிகாலை கல்லூரி வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 20. அவருடைய தாய் தமிழில் கதறி அழுத சொற்கள் கேரளம் முழுவதும் எதிரொலித்தன. 2019இல் வெளியான மலையாளத் திரைப்படம் ஒன்றுக்கு அவையே தலைப்பாயின.

தம் ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அபிமன்யுவின் விருப்பமாக இருந்தது. அதை அறிந்தவர்கள் கேரளத்தின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புத்தகங்களை அனுப்பத் தொடங்கினர். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்த அந்தப் பரிசுகளைக் கொண்டு ‘அபிமன்யு மகாராஜாஸ் நூலகம்’ வட்டவடையில் உருவானது. ஓர் ஊரையே முகவரியாகக் கொண்டு அனுப்பப்பட்ட பரிசுகள் அவை. ஒரு குழந்தைக்கு அனுப்பும்போது முகவரி மட்டும் போதாது. அது எந்த எழுத்தை வாசிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகங்கள் குறைவாக இருந்தாலும் பழுதில்லை. இதே வட்டத்திலுள்ள பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், பி.வி. சின்னத்தம்பி என்பவர் தம் தேநீர்க் கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதை இதழாளர் பி. சாய்நாத் 2014இல் பதிவு செய்திருக்கிறார். காட்டின் நடுவே இருந்த அந்தச் சிறு தொகுப்பில் இலக்கியச் செவ்வியல் நூல்களும் இருந்தன. வாங்கிச் சென்று வாசிக்க ஆட்களும் இருந்தார்கள்.

பண்டிகையும் புத்தகமும்

கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் தரும் வழக்கத்தில் உலகின் கவனத்தை ஈர்த்த நாடு ஐஸ்லாந்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பிற பரிசுப் பொருட்கள் கிடைப்பது அரிதானது. தாளுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆகவே புத்தகமே பரிசாயிற்று. 1944 முதல் அந்நாட்டுப் பதிப்பாளர்கள் ஆண்டுதோறும் புதிய நூல்களின் பட்டியலை வீடுகளுக்கு அனுப்பிவருகிறார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே, 1744இல், லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி தம் சிறுவர் நூலோடு ஆண் குழந்தைக்குப் பந்தும் பெண் குழந்தைக்கு ஊசி செருகும் திண்டும் சேர்த்து விற்றார். புத்தகத்தை மட்டும் நீட்டினால் குழந்தை ஏற்குமா என்ற ஐயம் அன்றே வணிகர்களுக்கு இருந்திருக்கிறது.

வயதா, வாசிப்பு நிலையா?

அட்டையில் அச்சிடப்படும் வயது ஒரு தோராயக் கணக்கே. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ தன் சிறு நூல்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளாகப் பிரித்தது இதனால்தான். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளமும் இதே போக்கில் கதைகளை நான்கு நிலைகளில் வைக்கிறது: முதல் நிலையில் 250 சொற்களுக்குள், இரண்டாவதில் 600 வரை, மூன்றாவதில் 1,500 வரை, நான்காவதில் அதற்கும் மேல். ஐந்தாம் வகுப்புக் குழந்தை இரண்டாம் நிலையில் இருந்தால் அந்நிலை நூலையே வாங்க வேண்டும். ‘வளர்ந்து வாசிக்கட்டும்’ என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தலாம், புத்தகத்திற்குப் பொருந்தாது.

கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையை வாசிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கலாம். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். பெரியவர் உடனிருந்து வாசித்துக் காட்டுவதாக இருந்தால் மட்டும் இதைத் தளர்த்தலாம்.

இரு மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கு மற்றொரு வழியும் இருக்கிறது. ஸ்டோரிவீவரில் ஒரே கதை பெரும்பாலும் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. திறந்த உரிமத்தில் வெளியாவதால் இரண்டையும் கட்டணமின்றித் தரவிறக்கி, அச்சிட்டுத் தைத்துத் தரலாம். சரளமான மொழியில் கதையை அறிந்த குழந்தை, தடுமாறும் மொழியில் அதே கதையை அச்சமின்றி வாசிக்கும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ்–ஆங்கில இருமொழிப் படநூல்களை வெளியிடுகிறது.

சற்றே வளர்ந்த வாசகர்களுக்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பட்டியல் நல்ல தொடக்கம். சிறார் பாதுகாப்பைப் பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ (2024), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) ஆகியவை அண்மைக்காலத் தமிழ்த் தேர்வுகள். இவர்களில் உதயசங்கர், யூமா வாசுகி இருவரும் மலையாளச் சிறார் நூல்களைத் தமிழாக்கியவர்கள் என்பது எல்லையோரக் குடும்பங்களுக்குக் கூடுதல் செய்தி. ஒவ்வொரு கதையின் முடிவிலும் கட்டம் கட்டி நீதி சொல்லும் மலிவுத் தொகுப்புகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தை ஏன் அவற்றைத் தவிர்க்கிறது என்பது புரியும்.

அஞ்சலில் அனுப்புவோர் கவனத்திற்கு

தொலைவிலுள்ள குழந்தைகளுக்குப் புத்தகம் அனுப்பப் பயன்பட்ட பதிவு நூல் அஞ்சல் சேவை 2024 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னதாக நிறுத்தப்பட்டது. பதிப்பாளர்களும் வாசகர்களும் அதிருப்தி தெரிவித்தனர். 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. பொதியின் நகர்வை இணையத்தில் அறியலாம். ஆனால் இது தரைவழியாக மட்டுமே செல்லும் சேவை என்பதால், மலையூர்களுக்கு அனுப்புவோர் டிசம்பர் முதல் வாரத்திலேயே அஞ்சலில் சேர்ப்பது நல்லது. அதற்கு முன் வீட்டிற்கோ பள்ளிக்கோ தொலைபேசியில் அழைத்து, குழந்தை எந்த மொழியில், எந்த அளவுக்கு வாசிக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளலாம்.