மலைக் காற்றும் புதிய கெப் வண்டியும்

ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, பழைய கெப் வண்டியை இன்னும் வைத்துக்கொண்டிருப்பதா, விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதா என்ற வினா தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களிலும் மரக்கறி வியாபாரிகளின் கடைகளிலும் எழுவது இயல்பே. இதற்கு விடை காண விழைவோர், 1988இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸையும் 2015இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது பிரயோசனமாகும். பழையதன் 2.8 லீட்டர் டீசல் எஞ்சினின் கொள்ளளவு 2779 கன சென்ரிமீட்டர். புதியதன் அதே வகுப்பு எஞ்சினுக்கோ 2755. கொள்ளளவு சற்றே குறைந்திருக்க, 90 குதிரைவலுவை அண்மித்து நின்ற சக்தி 170ஐத் தாண்டிச் சென்றது எவ்வாறு?

விடை காற்றில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கேயாதலால், தானாகவே காற்றை உறிஞ்சிக்கொள்ளும் பழைய எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறைகிறது. எண்ணெய் மட்டும் வழக்கம்போல் பாய, அது முற்றாக எரிய வழியின்றிக் கரும்புகையாகிறது. கொண்டை ஊசி வளைவில் சாரதி முதலாம் கியருக்கு இறங்கி மிதிக்கும்போது பின்னால் எழும் புகைப்படலத்தின் காரணம் பெரும்பாலும் இதுவே. புதிய எஞ்சினிலோ, வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழலும் டர்போ என்னும் சிறு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது. அமுக்கத்தால் சூடேறிய காற்று குளிர்விக்கப்பட்டு மேலும் அடர்த்தி பெறுகிறது. எண்ணெயும் மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ், மிகுந்த அழுத்தத்தில், நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது.

ஆகவே கினிகத்தேனையிலிருந்து ஹட்டனை நோக்கிப் புதிய வண்டியில் ஏறுபவர் முதலில் கவனிப்பது அதன் அமைதியையே. நிமிடத்துக்கு 1600 சுற்றுகளிலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடுவதால், பழைய வண்டியை அலறவைத்த ஏற்றத்தை இது முணுமுணுத்தபடியே கடந்துவிடுகிறது. பழையதன் நாற்சக்கர இழுவை வகையில் முன்னச்சும் பட்டை வில்லின்மேல் கிடந்தமையால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பதிவாகும். புதியதன் முன்சக்கரங்கள் சுருள் வில்லோடு தனித்தனியே அசைகின்றன. எனினும் பின்புறத்தில் பட்டை வில்லே இன்றும் நீடிப்பதால், பாரமின்றிப் போகையில் பின்னிருக்கையில் அமர்ந்திருப்போர் பழைய குலுக்கலை முற்றாக மறந்துவிட முடியாது.

இறக்கமோ வேறொரு பரீட்சை. இரண்டு தொன் நிறையுள்ள வண்டி நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளையை நோக்கி 1400 மீட்டர் அளவு இறங்குகையில் விடுபடும் சக்தி, ஏறத்தாழ 80 லீட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அவ்வெப்பம் முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால் அது பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் விதி, மின்னணுத் துணைகள் பல வந்த பின்னரும் மாறவில்லை.

இவ்வளவு மேன்மைகளுக்கிடையே ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நியாயமாகாது. ஏறத்தாழ 1.7 மீட்டராயிருந்த அகலம் 1.85 மீட்டராகவும், நீளம் 5.3 மீட்டராகவும் பெருத்துவிட்டன. கொழுந்து மலைகளுக்குச் செல்லும் தோட்டப் பாதைகளோ அகலவில்லை. பழைய எண்ணெய்ப் பம்பைக் கழற்றித் திருத்தக்கூடிய கராஜ்காரருக்கும், புதிய எஞ்சினின் கோளாற்றை அறியக் கணினிக் கருவி தேவைப்படுகிறது; எண்ணெயில் கலந்த சிறிது நீரும் தூசியும்கூட அதன் தெளிப்பான்களைக் கெடுத்துவிடும். பிரதான வீதியில் நெடுந்தூரம் ஓடுவோருக்குப் புதியதே உகந்தது என்பதில் ஐயமில்லை. தோட்டத்துக்குள்ளேயே உழைக்கப்போகும் வண்டியை வாங்குவோர், பணம் கொடுப்பதற்கு முன் தம் தோட்டத்தின் மிகக் குறுகிய வளைவில் அதனை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நன்று.