குடும்பத்தில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால்: வீசாவா, பிரஜாவுரிமையா?

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் வீட்டில் எல்லோரும் இலங்கையர் இல்லையே, அவருக்கு எந்த வீசா எடுப்பது?"

இதற்கு விடை சொல்வதற்கு முன் நாங்கள் திருப்பிக் கேட்பது இதுதான்: அவர் உண்மையிலேயே வெளிநாட்டவர்தானா? பலர் அப்படி இல்லை. பிரஜாவுரிமைக்கு உரித்துள்ள ஒருவருக்கு வீசா கேட்டால், உங்கள் கையாலேயே அவரை வெளிநாட்டவர் என்று எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். ஆகவே முதலில் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரே வீட்டில் நான்கு நிலைகள்

ஓர் எடுத்துக்காட்டு. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒருவர் 1983 ஆடிக் கலவரத்தின் பின் குடும்பத்துடன் இந்தியாவுக்குப் போனார். அவருடைய மகன் 1990இல் முகாமில் பிறந்தார். மகன் மணமுடித்த பெண் நீலகிரியைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஒரு பிள்ளை. பெரியவரின் தமையன் கலவரத்தின்போதும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் அவரிடம் பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று இருக்கிறது. ஒரே குடும்பம்தான், ஆனால் சட்டத்தின் முன் ஒவ்வொருவருக்கும் வழி வேறு.

1. தோட்டத்தில் பிறந்து அகதியாகப் போனவர்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்தக் கணக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும், இலங்கையில் வாழும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் அது பிரஜாவுரிமை வழங்கியது. இடப்பெயர்வால் இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காக அச்சட்டம் 2009இல் திருத்தப்பட்டது. ஆகவே முகாமிலிருந்து திரும்பும் பெரியவருக்குத் தேவைப்படுவது வீசா அல்ல. அவர் அந்தத் தோட்டத்தவர் என்று காட்டும் பத்திரங்களே தேவை.

2. முகாமில் பிறந்த பிள்ளைகள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த வேளையில் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால், வம்சாவளிப் பிரஜையாகப் பதிவு செய்யப்படலாம். முன்பு தந்தைவழியை மட்டுமே பார்த்தார்கள். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் பின் தாய்வழியும் ஏற்கப்படுகிறது. பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பிந்தியும் பதியலாம். ஆகவே "வருடம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் இருக்கும்போதே சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொள்வது மிக நல்லது. அங்கே பதியாமல் வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தை நாட வேண்டும்.

மலையகக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாத்தா எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஆண்டில் பிரஜையானார் என்பதைப் பொறுத்தே மகனின் வழியும் பேரப்பிள்ளையின் வழியும் அமையும். மகன் பிறந்தபோது தந்தை நாடற்றவராக இருந்திருந்தால், வம்சாவளிப் பதிவு அல்ல, 2003ஆம் ஆண்டுச் சட்டமும் 2009ஆம் ஆண்டுத் திருத்தமுமே பொருந்தக்கூடும். அதனால் தாத்தாவின் பத்திரத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

பிள்ளையின் காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பாடசாலையில் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் வெளியே வரும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைய நேரும்.

3. தோட்டத்தில் தங்கிவிட்ட இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்

ஒப்பந்தக் காலத்தில் இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் பலர் கப்பல் ஏறவில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் சேவையும் நின்றுபோனது. 1964 முதல் இங்கேயே வாழ்ந்துவரும் இப்படிப்பட்டவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நாடற்றவராக இருந்தவருக்குச் சமாதான நீதவான் ஒப்பமிட்ட பொதுப் பிரகடனம் போதும். இந்தியப் பிரஜாவுரிமை பெற்றவர், தம் விருப்பத்தோடு இலங்கைப் பிரஜாவுரிமையைக் கோருவதாக விசேட பிரகடனம் செய்ய வேண்டும்.

இந்தியராகவே இருக்க விரும்புபவருக்கும் வழி உண்டு. தொழில் வல்லுநர், முதலீட்டாளர், மாணவர், மதகுரு ஆகியோருக்கான வதிவிட வீசா வகைகள் தோட்டத்து முதியவருக்குப் பொருந்தா. ஆனால் 1954 இந்திய–இலங்கை உடன்படிக்கையின் கீழ் வரும் பதிவு செய்யப்பட்ட இந்தியர்களுக்கென்று வதிவிட வீசாவில் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. பழைய கடவுச்சீட்டையும் பதிவுப் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் விடயமாக மலையகத்தவர் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தை அணுகலாம்.

4. இந்தியாவில் மணமுடித்த மனைவி அல்லது கணவன்

நம் எடுத்துக்காட்டிலுள்ள மருமகளின் பெற்றோர் ஹாலிஎலப் பக்கத்தில் பிறந்து, 1970களில் ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்குப் போனவர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவளும் நம்ம தோட்டத்துப் பிள்ளைதானே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உறவுமுறையில் அது சரி. ஆனால் ஒப்பந்தத்தில் போனவர்கள் இந்தியப் பிரஜைகளாகவே போனார்கள். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அகதிகளாகப் போனவர்களுக்கானது, இவர்களுக்கானது அல்ல. முன்னாள் இலங்கையர் என்ற வீசாப் பிரிவும் இவர்களுக்கு இலகுவில் கிடைக்காது. இலங்கையில் பிறந்தது வேறு, இலங்கைப் பிரஜையாக இருந்தது வேறு.

ஆகவே மருமகளுக்கு வீசா வேண்டும். அவருக்குரிய பிரிவு, இலங்கையரின் குடும்ப உறுப்பினருக்கான வதிவிட வீசா. இதில் கவனிக்க வேண்டியவை:

• சுற்றுலா அனுமதியில் வந்து அப்படியே தங்கிவிட வேண்டாம். அது வழமையாக 30 நாட்களுக்கே. காலம் கடந்து தங்குவது குற்றம். அபராதம், தடுத்துவைப்பு, நாடு கடத்தல் வரை போகலாம். குடியிருக்கவே வருகிறார் என்பதைச் சென்னையிலேயே சொல்லி, அதற்குரிய நுழைவு வீசாவைக் கேளுங்கள்.

• வதிவிட வீசாவுக்கு இலங்கையரான கணவன் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் கணவனின் சொந்தப் பத்திரங்கள் சரியாக இருக்க வேண்டும். அவருடைய பிரஜாவுரிமை உறுதியாகாவிட்டால் மனைவியின் விண்ணப்பமும் நகராது.

• திருமணச் சான்றிதழ் அவசியம். முகாமில் கோவிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள், புறப்படுமுன் அங்கேயே திருமணத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

• வீசா குறித்த காலத்துக்கு மட்டுமே. முடியும் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். முடிவதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும்.

• வதிவிட வீசா தொழில் அனுமதி அல்ல. செக்ரோலில் பெயர் பதியுமுன் வீசாவில் என்ன நிபந்தனை குறித்திருக்கிறது என்று பாருங்கள்.

• 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. தோட்ட வீட்டுத் திட்டத்தில் காணி கிடைக்கும்போது, யாருடைய பெயரில் உறுதி எழுதுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வீசா ஒரு தொடக்கம்தான். இலங்கையரின் மனைவியோ கணவனோ, விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடம் முழுவதும் இங்கே வசித்திருந்து, தொடர்ந்தும் இங்கே வாழ எண்ணினால், பதிவு மூலம் பிரஜாவுரிமை கேட்கலாம். இலங்கைத் துணையை இழந்த விதவைக்கும் தபுதாரனுக்கும் இந்த வழி உண்டு. இது அமைச்சரின் தற்றுணிபைப் பொறுத்தது. கேட்டதும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிப்பதில்லை. இலங்கைப் பிரஜையானதும் இந்தியப் பிரஜாவுரிமை போய்விடும். இந்தியாவில் தாய் தகப்பனும் சொத்தும் உள்ளவர்கள் ஆற அமர யோசித்து, மனைவியின் முழுச் சம்மதத்தோடு முடிவெடுங்கள்.

தோட்டத்தில் என்ன அத்தாட்சி கிடைக்கும்?

"வீடு எரிந்தபோது எல்லாம் போய்விட்டது" என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் கையில் இல்லாவிட்டாலும் வேறு இடங்களில் பதிவு இருக்கலாம். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கு இருந்தது. ஆகவே மாவட்டப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். தோட்ட அலுவலகத்தின் செக்ரோல், சேமலாப நிதிப் பதிவு, பாடசாலைச் சேர்வுப் புத்தகம், பழைய வாக்காளர் இடாப்பு, கோவில் அல்லது தேவாலயப் பதிவு ஆகியனவும் உதவும். பிறப்புப் பதிவே அகப்படாவிட்டால் அனுமான வயதுச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

தோட்டப் பதிவில் ஒரு பெயரும் முகாம் அட்டையில் வேறு பெயரும் இருப்பது சாதாரணம். இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

முகாமை விட்டு வெளியேற இந்திய அதிகாரிகளின் வெளியேறும் அனுமதி வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், முகாம் பதிவு அட்டையின் பிரதி ஆகியவற்றை ஒரே பையில் வைத்து, கையோடு கொண்டு வாருங்கள். முகாமை விட்டு வந்தபின் இவற்றைப் பெறுவது கடினம்.

இங்கு வந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். வீசாக் கட்டணங்களும் படிவங்களும் மாறக்கூடியவை. தரகரிடம் பணம் கொடுக்குமுன் திணைக்களத்திலோ எங்கள் களப் பணியாளரிடமோ கேளுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டு வராதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். தோட்ட மக்கள் ஒரு கடதாசி இல்லாததால் இரண்டு தலைமுறை இழந்தார்கள். அடுத்த தலைமுறைக்கும் அந்த நிலை வராதிருக்க, கையிலுள்ள கடதாசிகளை இன்றே எடுத்துப் பாருங்கள்.