ஒரே மாத்திரை, இரண்டு உடல்கள்

எங்கள் உத்திரமேரூர் ஏரியைக் கண்ட மாணவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். ஏரிக்குள் வரும் நீர் ஒரே அளவாயினும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்தே நீர்மட்டம் நிற்கும். உடலில் மருந்தும் அவ்வாறே. நாம் விழுங்கும் அளவு வரத்து. கல்லீரல் அதனை மாற்றி ஒழிக்கும் வேகம் மதகு.

1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. வீட்டிலிருந்தே மருந்துண்பவரும் மருத்துவமனையில் தங்கியவரைப் போலவே குணமடைவர் என 1959-இல் உலகுக்குக் காட்டியது அதுவே. அங்கு ஆராயப்பட்ட மருந்துகளுள் ஒன்று ஐசோநியசிட். கல்லீரலிலுள்ள ஒரு நொதி, இதனுடன் அசிட்டைல் என்னும் தொகுதியைச் சேர்த்து இதன் வீரியத்தைப் போக்குகிறது. இவ்வேலை சிலரிடம் விரைந்தும், சிலரிடம் மெதுவாகவும் நடக்கும். பெற்றோர்வழி வரும் இயல்பு இது. இரத்தத்திலுள்ள மருந்து பாதியாக முன்னவர்க்கு ஏறத்தாழ ஒரு மணியும், பின்னவர்க்கு மூன்று மணியும் ஆகும். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, விரைந்து அழிப்போரிடம் பலன் குன்றியது. நாள்தோறும் உண்போரிடம் இவ்வேற்றுமை பெரிதும் மறைந்துவிடுகிறது.

மெதுவாக அழிப்போர்க்கு வேறொரு தொல்லை உண்டு. மருந்து நெடுநேரம் தங்குவதால் கைகால் எரிச்சலும் மரமரப்பும் தோன்றலாம். பி6 என்னும் வைட்டமின் அதனைத் தடுக்கும்.

என் பழைய மாணவர் ஒருவர், கணக்கில் கெட்டிக்காரர், பாதம் எரிகிறதென்று எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு திங்கள் கழித்து இருமலோடு வந்து நின்றார். அவரை மருத்துவரிடம் நானே அழைத்துச் சென்றேன். சிகிச்சை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியது. இம்முறை வைட்டமினும் சேர்த்து.