மலைத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையா?

இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் மெஷினில் பிடித்த தண்ணீர். விற்க வந்தவர் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுக்கிறார். அதன் கம்பிகளை இரண்டு டம்ளரிலும் இறக்கி பிளக்கைச் செருகுகிறார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாக மாறி, மேலே கசடு திரள்கிறது. மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. "பாருங்கக்கா, இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிட்டிருக்கீங்க" என்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது. அன்றைக்கே முன்பணம் கைமாறிவிடும்.

அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியில் இருக்கும் இரும்பு மின்சாரத்தால் கரைந்து துருவாக மிதக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால்தான் மின்சாரம் எளிதாகப் பாயும், கம்பியும் கரையும். மெஷின் தண்ணீரில் உப்பு இல்லாததால் அங்கே எதுவும் நடக்கவில்லை. அவருடைய 'சுத்தமான' தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

நீலகிரியில் கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம், கரிக்கையூர் பக்கம் சமையல் மேடையில் ஆர்.ஓ. மெஷின் வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் இந்தக் கட்டுரை. எந்தக் கம்பெனி மெஷின் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நம் தண்ணீரில் என்ன குறை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்பை எடுக்கப் பிறந்த கருவி

ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடுபரவல், உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கக் கண்டுபிடிக்கப்பட்ட முறை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் சேர்ந்து, நடைமுறைக்கு ஏற்ற முதல் சவ்வை உருவாக்கினார்கள். 1965ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் அது முதல்முறையாக ஊர்க் குடிநீருக்குப் பயன்பட்டது. அந்த ஊரின் நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத அளவு உப்பு. அதற்கு முன்பு அங்கே குடிக்கிற தண்ணீர் ரயிலில்தான் வந்து இறங்கியது.

நம் மாநிலத்திலும் இந்தச் சவ்வுக்குச் சரியான இடங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவது இதே முறைதான். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிய ராமநாதபுரம் வீட்டிலும், தண்ணீரில் ஃபுளோரைடு கலந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமத்திலும் ஆர்.ஓ.வை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

நீலகிரியின் கதை வேறு. பாறை இடுக்கில் கசிந்து வரும் ஊற்றுநீரும் சோலைக்காட்டு ஓடைநீரும் பெரும்பாலும் மழைநீருக்கு நெருங்கிய உறவு. டி.டி.எஸ். என்கிற கரைந்த உப்புகளின் அளவு இங்கே பல ஊற்றுகளில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, ஏற்கத்தக்க அளவாக 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இல்லாத உப்பை எடுக்க எதற்கு மின்சாரமும் பணமும்?

2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத்தான் சொன்னது. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளுக்குத் தடை விதிக்க வேண்டும், அனுமதிக்கும் இடங்களிலும் ஊற்றும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராகத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆனாலும் கடைகளில் ஆர்.ஓ. விற்பனை குறையவில்லை. ஆகவே, தேவையா இல்லையா என்ற முடிவு வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

மலையில் நமக்கு எதிரி யார்?

உப்பு இல்லை என்பதற்காக மலைத் தண்ணீரை அப்படியே குடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நம்முடைய வீடுகள் அடுக்கடுக்காகச் சரிவில் இருக்கின்றன. மேல் வரிசை வீட்டின் கழிப்பறைக் குழியில் கசிவது, கீழே இருக்கும் ஊற்றில் போய்ச் சேரலாம். ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் பைப்பைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இழுத்து, வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருகிறோம். வழியில் காட்டெருமை மிதித்து எங்காவது இணைப்பு பிடுங்கிக்கொண்டால் சேறும் சாணியும் உள்ளே போகும். தொட்டி மூடி காற்றில் பறந்து நாள்கணக்காகத் திறந்தே கிடப்பதும் உண்டு. டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும் வழி இதுதான்.

இந்தக் கிருமிகளை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பின் அளவைக் கணக்கிடும் கருவி அது. சாக்கடை கலந்த ஊற்றுநீரிலும் அது 60 என்று காட்டலாம். நல்ல கிணற்று நீரிலும் 400 என்று காட்டலாம். எண் குறைந்தால் சுத்தம் என்பது உண்மையல்ல.

முதலில் பரிசோதனை

மெஷின் வாங்க எடுத்து வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை முதலில் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். ரசாயனச் சோதனைக்கு நன்றாகக் கழுவிய கேன் போதும். கிருமிச் சோதனைக்கு, கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் சோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிருமிக்கான சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும். படிக்காதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய சோதனை இது.

அறிக்கை வந்ததும் இந்த வரிகளைப் பாருங்கள். மலக்கிருமியான ஈ.கோலி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கலங்கல், அதை அளக்கும் என்.டி.யூ. அலகில் 1க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 5 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டி.டி.எஸ். 500, ஃபுளோரைடு 1, மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராம் என்பவை ஏற்கத்தக்க அளவுகள்.

இதில் மலைக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது நைட்ரேட். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களில் போடும் உரமும் கோழி எருவும் மழையில் கரைந்து கீழே இறங்கும். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரணக் கார்பன் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். காய்கறித் தோட்டத்துக்குக் கீழே உங்கள் ஊற்று இருந்து, நைட்ரேட் அளவும் மீறியிருந்தால் ஆர்.ஓ. வாங்குவது நியாயம். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு மிகுந்திருந்தாலும் அப்படியே.

மலைக்குளிரில் ஆர்.ஓ.

இந்த இரண்டு காரணமும் இல்லாமல் ஆர்.ஓ. வாங்கினால் இங்கே மூன்று சங்கடங்கள் உண்டு.

முதலாவது, வேகம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்ற கணக்கு, பொதுவாக 25 டிகிரி வெப்பமுள்ள தண்ணீருக்கானது. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சவ்வு வழியே வருவது ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். மார்கழி, தை மாதத்தில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கினால் உற்பத்தி கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

இரண்டாவது, வீணாகும் தண்ணீர். பழைய பாணி வீட்டு மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாகப் போகும். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 36 லிட்டர் கழிவு. ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நிர்ணயித்திருப்பதே 55 லிட்டர்தான். பங்குனி, சித்திரையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில், நல்ல ஊற்றுநீரை இப்படிக் கொட்டுவது தகாது.

மூன்றாவது, மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் சில இடங்களில் கரண்ட் வர நாள்கணக்காகும். 2009 நவம்பரில் மலையெங்கும் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தபோது சாலைகளே துண்டிக்கப்பட்டன. தண்ணீர் அதிகமாகக் கலங்கி, கிருமி அதிகமாகக் கலப்பதும் அந்த நாட்களில்தான். மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்கும் மெஷின் அப்போது கைவிட்டுவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது?

உப்பும் நைட்ரேட்டும் அளவுக்குள் இருந்து, கிருமியும் கலங்கலும் மட்டுமே குறை என்றால் யு.எஃப். எனப்படும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் ஃபில்டர் நல்ல தேர்வு. அதன் மெல்லிய குழல்களில் இருக்கும் துளைகள் பாக்டீரியாவை விடச் சிறியவை. மண்ணும் பாக்டீரியாவும் நின்றுவிடும். தாது உப்புகள் தண்ணீரோடு வரும். மேலே ஊற்றிக் கீழே பிடிக்கும் வகைக்குக் கரண்ட் தேவையில்லை, கழிவும் மிகக் குறைவு. மிகச் சிறிய வைரஸ்கள் சில தப்பிவிடக்கூடும் என்பதால், மஞ்சள் காமாலை பரவும் காலத்தில் வடிகட்டியதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

யு.வி. விளக்குள்ள மெஷின் வைரஸையும் செயலிழக்க வைக்கும். ஆனால் கலங்கல் தண்ணீரில் புற ஊதாக் கதிர் ஊடுருவாது. முன்னால் நல்ல வண்டல் ஃபில்டரும் கார்பனும் இருக்க வேண்டும். விளக்கை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பூச்சிமருந்து பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் கார்பன் ஓரளவு கைகொடுக்கும். பல பூச்சிமருந்துகளை அது ஈர்த்துக்கொள்ளும். காலாவதியான கார்பன் எதையும் ஈர்க்காது.

எதையும் வாங்க வசதியில்லாத வீட்டில், கிருமிகளிடமிருந்து கொதிக்க வைப்பதே முழுப் பாதுகாப்பு. இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே, ஏறக்குறைய 95 டிகிரியில் கொதித்துவிடும். நோய்க்கிருமிகளைக் கொல்ல அதுவே போதும். தளதளவென்று கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். சூடு ஆறப் பச்சைத் தண்ணீரைக் கலப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. கொதிக்க வைத்த பலன் அத்தோடு போய்விடும். மூடி ஆறவைத்து, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றிப் பிடித்துக் குடியுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ள வேண்டாம்.

பரிசோதனை அறிக்கை ஆர்.ஓ.தான் வேண்டும் என்று சொன்னால், கடையில் இவற்றைக் கேளுங்கள். ஐ.எஸ். 16240 தரமுத்திரை இருக்கிறதா? ஊற்றும் தண்ணீரில் எத்தனை சதவீதம் குடிநீராகக் கிடைக்கும்? மேடையில் வைக்கும் மெஷின் என்றால் குழாயோடு இணைக்க வேண்டுமா, ஊற்றிவைத்தால் போதுமா? கழிவு நீர் தனித் தொட்டியில் சேருமா? அப்படிச் சேர்ந்தால் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் அது ஆகும். ஃபில்டர், சவ்வு மாற்ற ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவு? பழுதானால் கோத்தகிரியிலிருந்து ஆள் வருவாரா, மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டுமா? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஊற்றைக் காப்பதே முதல் ஃபில்டர்

ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மெஷின் வாங்குவது, கெட்டுப்போன ஊற்றை அப்படியே விட்டுவிடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. ஊற்றைச் சுற்றி வேலி, அதற்கு மேலே கழிப்பறைக் குழியும் எருக்குவியலும் இல்லாத இடைவெளி, மூடிய சேகரிப்புத் தொட்டி, முறையான குளோரின் ஆகியவை ஊர் கூடிச் செய்யக்கூடியவை. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை நீலகிரியின் ஊற்றுகள், சதுப்பு நிலங்கள் குறித்துப் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. வழிகாட்ட ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

அடுத்த கிராமசபையில் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். ஊர்த் தண்ணீரை மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஊற்றுக்கு மேலே கசியும் கழிப்பறைக் குழிகளைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் வரை எந்த மெஷினுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.