கண்டியில் ஒரு வாரம்: தேயிலைக்கு ஒரு முழு நாள்

கண்டிக்கு ஒரு வாரம் வருகிறோம், எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்டால் மற்ற நாட்களைச் சுலபமாகச் சொல்லிவிடுவேன்: தலதா மாளிகை, பக்கத்திலேயே தேசிய நூதனசாலை, பேராதனைப் பூங்கா, நானுஓயா வரை ரயில். (பெரஹரா காலமென்றால் முதலில் அறையைப் பிடியுங்கள்.)

ஒரு நாளைத் தேயிலைக்கு ஒதுக்குங்கள். காலையில் ஹந்தானை. 1925இல் கட்டிய தொழிற்சாலைதான் அங்கே இலங்கைத் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய உருளைகளும், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் பார்க்கலாம். இயந்திரங்களும் துரைமாரும்தான் அங்கே முன்னுக்கு நிற்கிறார்கள். கொழுந்து பறித்தவர்கள் எங்கே?

அதற்குப் பிற்பகலில் நுவரெலியா வீதியால் கம்பளைப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்துக்குப் போகவேண்டும். 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றிலேயே தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வேலைக்கருவிகள், வீட்டுச் சாமான்கள், ஆவணங்கள் இருக்கின்றன. அந்த மக்களைத்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. என்னைக் கேட்டால், காம்பராவின் அளவுதான் பெரிய காட்சிப்பொருள். இப்படியான காம்பராக்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

அங்கே கூட்டம் வருவதில்லை. திறந்திருக்குமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.