அசலும் செலவும்: பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீட்கும் கணக்கு

பழைய கார் ஒன்றை மீட்டெடுக்க முனைவோர்க்கு, வண்டியைக் கழற்றத் தொடங்கிய சில நாட்களிலேயே இரண்டு விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடுகின்றன. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எந்தப் பாகங்களோடும் எந்த நிறத்தோடும் இருந்ததோ அந்த நிலைக்கே வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்று. கையிலுள்ள பணத்துக்குள் வேலையை முடித்து அதைச் சாலையில் ஓட்டிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் விருப்பத்துக்கு மட்டும் இடங்கொடுத்தால் வண்டி பல ஆண்டுகள் செங்கல் அடுக்கின் மேலேயே நிற்கும். இரண்டாவதற்கு மட்டும் இடங்கொடுத்தால், வெளியே பழைய தோற்றமும் உள்ளே எந்த வண்டியென்று சொல்ல முடியாத கலவையுமாக முடியும். இரண்டுக்கும் நடுவே பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதைத் தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு வண்டியை வைத்துப் பார்க்கலாம்.

வண்டலூரில் உருவான வண்டி

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியுடன் இணைந்து 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர் அருகிலிருந்த தன் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலாட்டி வரைந்து, 1959இல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டிதான் அது. குடும்பக் காராகவே விற்கப்பட்டாலும், அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலாட்டியின் வடிவமைப்பில் 1962இல் உருவாக்கப்பட்டதே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் உற்பத்தியாயின. சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் நடைபெற்ற பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் மீட்பின் சிக்கல்கள் அனைத்தையும் இறக்குமதி வண்டியின் விலை கொடுக்காமலேயே சந்திக்க விரும்புவோர்க்கு ஹெரால்டு ஏற்ற வண்டி.

இவ்வண்டியின் உடல் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டதன்று. தனியான அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், ஒன்றின் மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று பல துண்டுகள் போல்ட் போட்டு முடுக்கப்பட்டுள்ளன. முன்பக்க மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால் இன்ஜினையும் முன்சக்கர அமைப்பையும் நின்றபடியே பழுதுபார்க்க முடியும். ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் செப்பனிட்டு மாட்டலாம் என்பது பட்டறைக்காரருக்கு வசதி, உரிமையாளருக்குச் சிக்கனம்.

எது அசல்?

அசல் என்பதை முடிவு செய்வதில்தான் முதல் தடுமாற்றம் நேர்கிறது. பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவுகளோடு மட்டுமே வந்தது. பின்னாளில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டைத் தயாரித்தது சென்னை ஆலை மட்டுமே. பிரிட்டிஷ் வண்டியின் இன்ஜின் 948 சி.சி. அளவிலிருந்து 1147, 1296 என்று வளர்ந்தபோதும், சென்னை வண்டி 948 சி.சி. இன்ஜினோடே தொடர்ந்தது. இந்நிலையில், பிரிட்டனிலிருந்து டிரையம்ஃப் முத்திரையையும் பெரிய இன்ஜினையும் வரவழைத்துப் பொருத்துபவர், அனுப்புக் கூலியும் சுங்க வரியும் சேர்த்துப் பெரும் தொகையைச் செலவழித்து, வண்டியை அதன் அசலிலிருந்து விலக்கிக் கொண்டுபோகிறார். சென்னை ஹெரால்டின் அசல், சென்னையில் செய்யப்பட்ட பாகங்களிலேயே இருக்கிறது. அவற்றைத் தேடிப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்குவது மலிவான வழி மட்டுமன்று, சரியான வழியும் கூட.

அசல் குறித்த வழக்கு ஒன்று 1990இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அது அந்தப் பழைய கார்தானா என்று ஐயம் எழுப்பியது. பந்தய நாட்களிலேயே பாகங்கள் பலமுறை மாற்றப்பட்டுவிட்டதால் அதை ‘அசல்’ என்று அழைக்க முடியாது என்ற நீதிபதி, எந்த இடத்திலும் அறுபடாத தொடர்ச்சியான வரலாறு இருப்பதால் அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்றும் தீர்ப்பளித்தார். பாகங்களின் பழமை வேறு, வண்டியின் அடையாளம் வேறு என்பது இத்தீர்ப்பால் தெளிவாயிற்று.

பழங்கார்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2013இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே திசையில் வழிகாட்டுகிறது. தொன்மைக் கட்டடங்களைப் பேணுவதற்காக 1964இல் இயற்றப்பட்ட வெனிஸ் சாசனத்தின் நெறிகளைத் தழுவிய அது, இருப்பதைக் கெடாமல் காப்பதை முதலாவதாகவும் புதிதாக்குவதைக் கடைசியாகவும் வைக்கிறது. செய்யப்படும் மாற்றம் எதுவாயினும் பின்னால் ஒருவர் அதைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் இது சட்டத்தின் பார்வையும் ஆகிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு இத்தகுதி கிடையாது. பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பதால், நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. அங்கும், இன்ஜினை மாற்றி ஆர்.சி. புத்தகத்தில் பதியாமல் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும்.

பணம் போக வேண்டிய வரிசை

சட்டம் சுட்டும் மூன்று இடங்களே, அதாவது சேஸிஸ், கூடு, இன்ஜின் ஆகியவையே, பணமும் முதலில் போக வேண்டிய இடங்கள். கூத்தாநல்லூரைப் போன்ற காவிரி டெல்டா ஊர்களில், வெண்ணாற்றுப் பாசன வயல்களின் ஈரமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து, மூடிய கொட்டகையில் நிற்கும் வண்டியின் அடிப்பகுதியைக் கூட அரித்துவிடும். ஹெரால்டின் நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் கைபோல் நீண்டு கூட்டைத் தாங்கும் தகட்டுக் குழல்களில் நீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே துருவேறுவதால், பெயின்ட் பளபளக்கும்போதே சட்டம் உளுத்திருப்பதுண்டு. வண்டியை வாங்கப் போகிறவர் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை உடல் முழுவதும் நகர்த்திப் பார்த்தால், பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடங்களில் காந்தம் பிடிக்காமல் நழுவும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்ட பிறகே விலை பேச வேண்டும். துருவகற்ற மணல் பீய்ச்சும் முறை தடித்த சேஸிஸுக்குப் பொருந்தும். கதவு, மூடி போன்ற மெல்லிய தகடுகளை அது வளைத்துவிடும்.

அடுத்து, உயிர்க்காப்பு தொடர்பான பாகங்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டப்பட்டு, அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழலும். இதற்குத் தயாரிப்பாளர் விதித்தது கியர் ஆயில்; கிரீஸ் அன்று. வழக்கப்படி கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் கிரீஸ் உள்ளேயே இறுகி, மரைக்கு எண்ணெய் சேராமல், புகுந்த நீர் எஃகை அரித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஸ்பிட்ஃபயர் உலகெங்கும் ஓடிக்கொண்டிருப்பதால் இப்பாகம் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தகுந்த செலவு என்று ஒன்றைச் சொல்வதானால், பார்வைக்கே படாத இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்ஜின் வேலைக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. டிராக்டர், பவர் டில்லர், பம்புசெட், அறுவடை இயந்திரம் ஆகியவற்றை நம்பி நடக்கும் டெல்டாவின் லேத் பட்டறைகளில் புஷ் கடைவதும் தேய்ந்த தண்டைச் சீர்படுத்துவதும் அன்றாட வேலைகள். நான்கு சிலிண்டர் கொண்ட எளிய 948 சி.சி. இன்ஜினை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, வேறு வண்டியின் இன்ஜினை வாங்கிப் பொருத்தி, அதற்காகச் சட்டத்தை அறுத்துத் தாங்கிகளைப் பற்றவைப்பதைக் காட்டிலும் இறுதிக் கணக்கில் பெரும்பாலும் மலிவாகவே முடியும். இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால், ஈயத்தின் பாதுகாப்பை எதிர்பார்த்து வார்க்கப்பட்ட பழைய சிலிண்டர் ஹெட்டில் கடின உலோக வால்வு சீட்டுகளைப் பதித்துக்கொள்வது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உப்பச் செய்து கரைப்பதால், எரிபொருள் குழாய்களையும் அதைத் தாங்கும் புதிய ரகத்துக்கு மாற்ற வேண்டும். வெளியே தெரியாத இத்தகைய மாற்றங்கள் அசலைக் குறைப்பதில்லை.

பிரேக் ஹோஸ், டயர், ஒயரிங் ஆகியவற்றில் பழமையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. 13 அங்குலச் சக்கரத்துக்கு ரேடியல் டயர் போடுவதும், டைனமோவைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவதும், ஒரு நாள் வேலையில் திரும்ப மாற்றிவிடக்கூடியவை என்பதால் தயங்காமல் செய்யலாம். ஆல்டர்னேட்டருக்கு மாறும்போது, பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியன் முதலில் சரிபார்க்க வேண்டும். நிக்கலும் குரோமியமும் பூசும் வேலை, சீட் குஷன், கூரைத் துணி, முழு பெயின்ட் ஆகியவை அதிகம் பணம் விழுங்குபவை, ஆனால் காத்திருக்கக்கூடியவை. வண்டி ஓடத் தொடங்கி, குறைகள் தெரிந்து தீர்ந்த பிறகு அவற்றைச் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க நேராது. ஆலையில் பூசிய பெயின்ட் மங்கியிருந்தாலும் உரியாமல் இருந்தால், அதைத் தேய்த்து மெருகேற்றி அப்படியே விடுவதே மேல்; மங்கலான அசல் பூச்சை ஒருமுறை சுரண்டிவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

கணக்கும் பதிவும்

துருவின் அளவு கழற்றிய பிறகே தெரியும் என்பதால், போட்ட மதிப்பீட்டுக்கு மேல் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்காமல் தொடங்கக்கூடாது. பல மீட்பு வேலைகள் பாதியில் நிற்பதற்குக் காரணம், வண்டி முழுவதையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான்; பிரேக், முன்சக்கரம், இன்ஜின் என்று பகுதி பகுதியாக எடுத்து, ஒன்றை முடித்தபின் அடுத்ததைத் தொடுவது, செலவை மாதங்களில் பரப்பிவிடும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படமெடுத்து, திருகுகளைப் பெயரெழுதிய பைகளில் போட்டு, சேஸிஸ் எண், இன்ஜின் எண் தகடுகளைச் சுரண்டாமல் காத்து, பில்களை வரிசையாகச் சேர்த்து வைத்தால், ஓல்டு நம்பர் ஒன் வழக்கில் பேசப்பட்ட தொடர்ச்சியான வரலாறு ஒரு சாதாரண ஹெரால்டுக்கும் கிடைத்துவிடும். வண்டலூர் ஆலை 1988இல் மூடப்பட்டுவிட்டதால், தேய்ந்துபோன கார்புரேட்டராக இருந்தாலும் சரி, விரிசல் விட்ட விளக்குக் கண்ணாடியாக இருந்தாலும் சரி, கழற்றிய அசல் பாகத்தைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவது திருத்த முடியாத இழப்பு.

கூட்டிப் பார்த்தால் கணக்கு எளிதாகவே முடிகிறது: திரும்பக் கிடைக்காததற்கு முதல் பணம், உயிரைக் காப்பதற்கு அடுத்த பணம், கண்ணைக் கவர்வதற்கு மிஞ்சிய பணம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் பெயின்ட் அடிப்பவர், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே பெயின்டைச் சுரண்டி மறுபடியும் செலவு செய்ய வேண்டியிருக்கும்.