விமான நிலையத்தை மூடிவிட்டால் எப்படி ஊர் திரும்புவது?

2025 செப்டம்பர் 8 அன்று காத்மாண்டுவில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். சமூக ஊடகத் தடையும் ஊழலும்தான் அவர்களின் கோபத்துக்குக் காரணம். துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாளே பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார், நாடாளுமன்றம் எரிந்தது, திரிபுவன் விமான நிலையம் மூடப்பட்டது. டெல்லியிலிருந்து போன விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. 10-ஆம் தேதி மாலைதான் மறுபடி திறந்தார்கள்.

108 திவ்ய தேசங்களில் ஒன்றான, நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்குத் தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் குழு குழுவாகப் போகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அரசு எப்போது கவிழும் என்று யாராலும் கணிக்க முடியாது. திரும்பும் வழியை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைக்கலாம்.

நேபாளத்தில் அந்த வழி தரையில் இருக்கிறது. முக்திநாத் போகும் வழியிலுள்ள போகராவிலிருந்து சுனௌலி எல்லை, காத்மாண்டுவிலிருந்து ரக்சோல் எல்லை. சுனௌலியைத் தாண்டினால் கோரக்பூர். அங்கிருந்து தமிழகம் வழியாகக் கேரளம் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் உண்டு, தினமும் அல்ல. ஆனால் ஊரடங்கு நேரத்தில் பஸ் ஏறக் கிளம்புவதைவிட, தங்கிய அறையிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்க வேண்டிவந்தால் சமாளிக்கக் கையில் ரொக்கம், ஒரு வாரத்துக்கு மிச்சமாக பிரஷர், சர்க்கரை மாத்திரை, காகிதத்தில் எழுதிய இந்தியத் தூதரக எண் இருக்கட்டும். ஜிபே, வாட்ஸ்அப் எல்லாம் இணையம் இருக்கும்வரைதான். விமானத்தில் போவோருக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது இன்சூரன்ஸில். பாலிசியின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு 'விலக்குகள்' பகுதியைப் படியுங்கள். போர், கலவரம் பல பாலிசிகளில் அங்கேதான் ஒளிந்திருக்கும். கலவரச் செய்தி வந்தபின் வாங்கிய பாலிசிக்குப் பெரும்பாலும் பயனில்லை. பயந்துபோய் நீங்களே ரத்து செய்த பயணத்துக்கும் பொதுவாகப் பணம் வராது.

டிக்கெட்டும் அப்படித்தான். நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். விமான நிறுவனமே ரத்து செய்தால் முழுத் தொகையோ மாற்று விமானமோ தர வேண்டும். ஆகவே கடைசிவரை அவசரப்பட வேண்டாம். அதேசமயம், பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்று வெளியுறவு அமைச்சகம் சொன்னால் (அந்த செப்டம்பரில் சொன்னது) கேட்டுவிடுங்கள்.

குழுவாகப் போகிறவர்கள், முன்பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: விமானம் நின்றால் எங்களை எப்படிக் கூட்டி வருவீர்கள், செலவு யாருடையது? பதிலை எழுத்தில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.